மூன்று ஓட்டல், ஒரே லாக் சர்வர்: பிக் டேட்டா கிளஸ்டர் தேவையா?

குன்னூர்_நெட்:
ஊட்டி, குன்னூர், கோத்தகிரி ஓட்டல்களின் ஃபயர்வால், விண்டோஸ் சர்வர், வைஃபை லாக்குகளை (நடப்பதை எல்லாம் எழுதிவைக்கும் பதிவுகள்) குன்னூரில் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். சராசரியாக நொடிக்கு 200 பதிவுகள். பல சர்வர்களை இணைத்த பிக் டேட்டா கிளஸ்டர் போட்டால்தான் தாக்குதலைப் பிடிக்க முடியும் என்கிறார் வெண்டர். மழையில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் பாதி நாள் லைன் இருக்காது. என்ன செய்யலாம்?

மலைப்பாதை:
கிளஸ்டர் வேண்டாம் சார். ஒரு பதிவு 500 பைட் என்றால் நாளுக்கு 8.6 ஜிபி. செர்ட்-இன் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் உத்தரவுப்படி 180 நாள் லாக் வைக்க வேண்டும், அதுவே 1.6 டிபிக்குள் அடங்கும். ஒரு நல்ல சர்வர் போதும். கடைசி 30 நாளை எஸ்எஸ்டியில் வையுங்கள், பழையதைச் சுருக்கி ஹார்ட் டிஸ்கில் போடுங்கள்.

பணத்தை லைன் பக்கம் செலவழியுங்கள். சிஸ்லாக் (லாக்குகளை அனுப்பும் பொதுவான முறை) வழக்கமாக யுடிபி 514 போர்ட்டில் போகும்; யுடிபி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காது. லைன் அறுந்தால் அந்நேரத்துப் பதிவுகள் போனதுதான், போனதே தெரியாது. ஒவ்வொரு ஓட்டலிலும் சின்ன லினக்ஸ் பெட்டி ஒன்றில் ஆர்சிஸ்லாக் (சிஸ்லாக் அனுப்பும் மென்பொருள்) ஓட்டி, லைன் வரும்வரை பதிவுகள் காத்திருக்க 20 ஜிபி டிஸ்க் க்யூ கொடுத்து, டிஎல்எஸ் (குறியாக்கம்) போட்டு டிசிபி 6514 போர்ட்டில் அனுப்புங்கள். ரெஸ்யூம் ரீட்ரை கவுண்ட்டை (அனுப்ப முடியாதபோது எத்தனை முறை மறுபடி முயல்வது) -1 ஆக்குங்கள், அதாவது விடாமல் முயலும். அது இயல்பில் 0. அப்படியே விட்டால் க்யூ இருந்தும் பதிவுகள் கொட்டிப்போகும்.

கொடை_செக்யூரிட்டி:
மேலே சொன்னதோடு கடிகாரத்தையும் பாருங்கள். ஃபயர்வால் யுடிசியிலும் (உலகப் பொது நேரம்) சர்வர் இந்திய நேரத்திலும் எழுதி, நேர மண்டலத்தைக் குறிக்காமல் விட்டால் ஐந்தரை மணி நேரம் இடிக்கும். விபிஎன் லாகினையும் சர்வர் லாகினையும் 10 நிமிடத்துக்குள் பொருத்திப் பார்க்கும் ரூல் ஒருநாளும் அடிக்காது. எல்லாவற்றையும் ஒரே என்டிபியில் (கடிகாரங்களைச் சரிசெய்யும் சேவை) கட்டுங்கள்; அது நேர மண்டலத்தைச் சரிசெய்யாது, அதை ஒவ்வொரு பதிவிலும் குறிக்க வையுங்கள்.

நாளுக்கு 1.7 கோடி பதிவுகள் வரும். அனாமலி மாடல் (வழக்கத்துக்கு மாறானதைக் கண்டுபிடிக்கப் பழக்கிய மென்பொருள்) 0.1 சதவீதம் தப்பாகக் கத்தினாலே 17,000 அலர்ட். யார் உட்கார்ந்து பார்ப்பது? அதிலும் பிப்ரவரி டேட்டாவில் பழக்கிய மாடலுக்கு மே சீசன் கூட்டம் முழுக்கத் தாக்குதலாகத்தான் தெரியும். விருந்தினர் வைஃபையைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். முதலில் நேரடி ரூல்கள் போதும்: ஒரே ஐபியிலிருந்து வரிசையாக விண்டோஸ் எண் 4625 (தோற்ற லாகின்), உடனே ஒரு 4624 (வென்ற லாகின்), எங்கே 1102 (லாக் அழிப்பு) வந்தாலும் அலர்ட்.

குன்னூர்_நெட்:
லாக்குகளில் தேட எலாஸ்டிக்சர்ச் என்ற மென்பொருளைப் போடலாமா?

மலைப்பாதை:
போடலாம், 8-ம் பதிப்பு அல்லது அதற்கு மேல். அதில் பாஸ்வேர்டும் டிஎல்எஸ்ஸும் இயல்பாகவே ஆனில் இருக்கும். அது கேட்கும் 9200 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறக்கவே கூடாது: மூன்று ஓட்டலின் யூசர்பெயர், ஐபி எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. உள்ளே நுழைந்தவன் முதலில் அழிக்கப் பார்ப்பதும் அதைத்தான். தினமும் ஒரு நகலை, ஓட்டலின் விண்டோஸ் டொமைனில் (பொது லாகின் அமைப்பு) சேராத வேறு கணக்கில், அழிக்க முடியாதபடி பூட்டி வையுங்கள்.