ஹாலோவீன் சாயங்காலத்துக்கு ஒரு மம்மி மீட்லோஃப்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஹாலோவீன் என்பது அக்டோபர் 31 அன்று பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி மிட்டாய் வாங்கும் திருவிழா. அக்டோபர் பாதி தாண்டினால் புதிதாக வந்த குடும்பங்களிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வரும். பிள்ளைக்கு என்ன வேஷம் போடுவது, எவ்வளவு மிட்டாய் வாங்கி வைப்பது, வாசல் விளக்கைப் போட வேண்டுமா என்று. வாசல் விளக்கு எரிந்தால் பிள்ளைகள் வந்து தட்டலாம் என்று பொருள், அணைத்துவிட்டால் வரமாட்டார்கள். மற்றதெல்லாம் கடைக்குப் போனால் தானாகத் தெரிந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அன்று சாயங்காலம் பிள்ளைகளுக்கு என்ன சாப்பாடு?

அக்டோபர் 31 இங்கே அரசு விடுமுறை இல்லை. வாரநாளில் வந்தால் பள்ளியும் வேலையும் வழக்கம்போல நடக்கும். பல ஊர்களில் ஐந்தரை, ஆறு மணிக்கே பிள்ளைகள் தெருவில் இறங்கி, எட்டு எட்டரைக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். சில ஊர்களில் நகராட்சியே நேரத்தை அறிவிக்கும். ஆக, இரவு எட்டரை மணிக்குச் சாப்பிடும் நம் கணக்கு அன்றைக்கு உதவாது. ஐந்து மணிக்கு வயிறு நிறையாவிட்டால் பிள்ளைக்கு மிட்டாய்தான் இரவுச் சாப்பாடு.

அதனால்தான் முந்தைய நாளே முக்கால் வேலையை முடித்துவைக்க முடிகிற மம்மி மீட்லோஃபைச் சொல்கிறேன். கொத்துக்கறியில் ரொட்டித்தூளும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து, நீளமாகப் பிடித்து அவனில் (oven) வேகவைத்து, துணி சுற்றிய எகிப்து மம்மிபோல மேலே பஃப் பேஸ்ட்ரியைப் பட்டை பட்டையாகச் சுற்றி, ஆலிவ் துண்டுகளால் கண் வைப்பது. அந்தப் பேஸ்ட்ரி நம் ஊர் பேக்கரி முட்டை பஃப்ஸின் மேலுறைதான். உள்ளே இருப்பது கோலா உருண்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரன். 1930களின் பொருளாதார மந்தத்தில், கொஞ்சம் இறைச்சியோடு ரொட்டித்தூளோ ஓட்ஸோ சேர்த்துக் குடும்பம் முழுக்கப் பரிமாற முடிந்ததால் மீட்லோஃப் இந்த நாட்டு வீடுகளில் நிலைத்தது. இன்றும் இது வீட்டுச் சாப்பாடுதான், விருந்துப் பகட்டு கிடையாது. அதனாலேயே பக்கத்து வீட்டுக் குடும்பத்தைக் கூச்சமில்லாமல் அழைக்கலாம். தயவுசெய்து அழையுங்கள். வந்த முதல் வருடத்தில் அக்கம்பக்கத்தோடு பேச இதைவிட நல்ல நாள் கிடைக்காது. எல்லாரும் அன்று தெருவில்தான் இருப்பார்கள்.

முதலில் ‘அவன்’ அடுப்பு. நம்மில் பலர் அதைப் பாத்திர அலமாரியாகத்தான் வைத்திருக்கிறோம். சூடேற்றுவதற்கு முன் உள்ளே இருக்கும் வாணலி, பிளாஸ்டிக் மூடி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ‘பேக்’ பொத்தானும் ‘ப்ராய்ல்’ பொத்தானும் ஒன்றல்ல. ப்ராய்ல் போட்டால் மேலிருந்து நேரடியாகத் தீயாய்ச் சூடு வரும், பேஸ்ட்ரி கருகும், புகை எச்சரிக்கை மணி அலறும். தட்டில் விரிக்க பார்ச்மென்ட் பேப்பர் வாங்குங்கள். அதே அடுக்கில் அதே மாதிரிப் பெட்டியில் வாக்ஸ் பேப்பரும் இருக்கும். அது அவனுக்குள் போகக் கூடாது, மெழுகு உருகிப் புகையும்.

கூடவே ஒரு இறைச்சித் தெர்மாமீட்டர். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். முழுத் துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைத்த இறைச்சியில் அது உள்ளே எல்லா இடமும் கலந்துவிடும். நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று முடிவு செய்யவும் முடியாது, ஏனென்றால் பத்திரமான சூட்டை எட்டும் முன்பே கறி பழுப்பாகிவிடுவது உண்டு. மாடு, ஆடு, பன்றி என்றால் நடுப்பகுதி 160 டிகிரி ஃபாரன்ஹீட் (71 செல்சியஸ்), கோழி, வான்கோழி என்றால் 165 (74 செல்சியஸ்). சின்னப் பிள்ளைகள் சாப்பிடப் போகிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

பஃப் பேஸ்ட்ரி கடையின் உறைபொருள் (frozen) பகுதியில், ‘பை’ (pie) மேலோடுகள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும். அருகிலேயே ஃபீலோ என்று இன்னொரு பெட்டி இருக்கும். அது காகிதம்போல மெல்லிய தாள், இதற்குச் சரிவராது. ஒரு பெட்டியில் பெரும்பாலும் இரண்டு தாள்கள். நமக்கு ஒன்று போதும். முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். மறந்துவிட்டால் மேடையில் நாற்பது நிமிடம் வைத்தால் மடக்கிப் பிரிக்கும் பதத்துக்கு வரும்.

ஆறு பேருக்கு ஒன்றரை பவுண்டு கொத்துக்கறி, அதாவது சுமார் 680 கிராம். ஒரு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, இரண்டு ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுதோடு வதக்கி ஆறவிடுங்கள். முக்கால் கப் ரொட்டித்தூளை மூன்றில் ஒரு பங்கு கப் பாலில் ஊறவையுங்கள். இந்த ஊறல்தான் மீட்லோஃபை மெத்தென்று வைத்திருப்பது, இதைத் தவிர்த்தால் கறி இறுகிப்போகும். இரண்டும், ஒரு முட்டை, ஒன்றரை ஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் மிளகுத்தூள், ஒரு ஸ்பூன் சோம்புத்தூள், ஒரு கைப்பிடி மல்லித்தழை, கொஞ்சம் தக்காளிக் கெட்சப் எல்லாவற்றையும் கறியோடு சேருங்கள். பிசையும்போது கை லேசாக இருக்கட்டும், சப்பாத்தி மாவுபோல அழுத்த வேண்டாம். உப்புப் பார்க்கப் பச்சையாக வாயில் போடாதீர்கள்; ஒரு சிட்டிகை எடுத்துத் தோசைக்கல்லில் சுட்டு ருசி பாருங்கள்.

மசாலா விஷயத்தில் என் எண்ணம்: மிளகும் சோம்பும் போதும். அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும், நமக்கும் சப்பென்று இருக்காது. மிளகாய்த்தூளைக் கொட்டினால் அழைத்த விருந்தாளி தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போவார். பச்சை மிளகாய்ச் சட்னியைத் தனியாக மேசையில் வைத்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். பல செய்முறைகளில் பச்சைக் கறியின் மேலேயே பேஸ்ட்ரியைச் சுற்றி ஒரே தடவையில் வேகவைக்கச் சொல்வார்கள். நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். கறியிலிருந்து இறங்கும் கொழுப்பும் சாறும் பேஸ்ட்ரியை நனைத்து அடிப்பாகத்தை மாவுக்கூழ் ஆக்கிவிடும். முந்தின நாள் கறியை மட்டும் ஒன்பது அங்குல நீளத்துக்கு, தலைப்பக்கம் கொஞ்சம் குறுகலாகப் பிடித்து, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் முழுதாக வேகவையுங்கள். ஐம்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். தெர்மாமீட்டர் சொல்வதுதான் கணக்கு. கொழுப்பை வடித்து, பேப்பர் டவலால் ஒற்றி, சூடு தணிந்ததும் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

மறுநாள் மூன்றரை மணிக்கெல்லாம் அவனை 400-க்குச் சூடேற்றுங்கள். பேஸ்ட்ரியை அரை அங்குலப் பட்டைகளாக வெட்டி, குளிர்ந்த கறியின் மேல் குறுக்கும் மறுக்குமாகப் போட்டு, முனைகளை அடியில் செருகுங்கள். கண்ணுக்கு மட்டும் ஒரு இடைவெளி. கோணல்மாணலாக இருந்தால்தான் அழகு, அதனால் இந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். கறி குளிர்ந்திருப்பதால் பேஸ்ட்ரியின் கொழுப்பு முன்கூட்டியே உருகாது. சூட்டில் அதிலுள்ள ஈரம் ஆவியாகி அடுக்கடுக்காகப் பிரிந்து எழும்பும். மேலே அடித்த முட்டையைத் தடவி, 35 முதல் 45 நிமிடம். பொன்னிறம் சீக்கிரம் வந்துவிட்டால் அலுமினியத் தாளால் லேசாக மூடுங்கள். இந்தத் தடவை எந்த இறைச்சியானாலும் நடுப்பகுதி 165 ஆகட்டும். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் கழித்து, சின்ன மொசரெல்லா வட்டங்களின் மேல் கறுப்பு ஆலிவ் வைத்துக் கண் வையுங்கள். ஐந்து மணிக்கு வெட்டிப் பரிமாறலாம்.

துணைக்கு மசித்த உருளைக்கிழங்கு, பீன்ஸ். போதும்.

மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்கள் தயங்கவே வேண்டாம். கிரவுண்ட் டர்க்கி எல்லாக் கடையிலும் கிடைக்கும். கொழுப்பு குறைவு என்பதால் வறண்டுவிடும். பொடியாக நறுக்கி வதக்கிய காளானை ஒரு கப் சேர்த்தால் சரியாகிவிடும். இந்தியக் கடையிலோ ஹலால் கடையிலோ ஆட்டுக் கொத்துக்கறி கிடைத்தால் ருசி அதுதான். ஹலால் பார்ப்பவர்கள் பேஸ்ட்ரி, பை மேலோடுப் பெட்டிகளில் ‘லார்ட்’ என்ற சொல் இருக்கிறதா என்று படியுங்கள், அது பன்றிக் கொழுப்பு. பிள்ளைகள் வாங்கி வரும் மிட்டாயில் ஜெலட்டினையும் கவனியுங்கள், அதுவும் பன்றியிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். சைவ வீடுகளில் முட்டை பரவாயில்லை என்றால் வேகவைத்த பயறு, காளான், பொட்டுக்கடலை மாவு சேர்த்துப் பிடித்து இதே முறையில் செய்யலாம்.

விருந்தாளியை அழைக்கும்போதே ஒவ்வாமை ஏதும் உண்டா என்று கேட்டுவிடுங்கள். இங்கே அது மரியாதை. இந்த ஒரு உணவிலேயே கோதுமை, முட்டை, பால் மூன்றும் இருக்கின்றன. வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்தால், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகத் தின்பண்டம் அல்லாத சிறு பொருள்களும் அங்கே கொடுக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். நீங்களும் பென்சில், ஸ்டிக்கர் கொஞ்சம் வாங்கி வைக்கலாம்.

பேய் பிசாசுக் கொண்டாட்டம் நமக்கு எதற்கு என்று பெரியவர்கள் ஊரிலிருந்து போனில் வருத்தப்படுவார்கள். அவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா, இது அதற்கு முந்தின இரவு. நவம்பர் 2 நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோகும் நாள். அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் குடியேறியவர்கள் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த வழக்கம் இங்கே பிள்ளைகள் திருவிழாவாகிவிட்டது. தீபாவளியும் இதை ஒட்டி வருவதுண்டு. 2024-இல் இரண்டும் ஒரே நாள். அப்படி வந்தால் காலையில் எண்ணெய்க் குளியல், பலகாரம். அசைவம் கூடாது என்கிற வீடுகளில் மம்மியைப் பயறில் செய்துகொள்ளுங்கள்.

மீந்தால் ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும். மைக்ரோவேவில் வைத்தால் பேஸ்ட்ரி சவசவத்துவிடும். துண்டுகளாக வெட்டித் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சூடாக்கி, ரொட்டிக்கு நடுவில் வைத்து மறுநாள் சாப்பிடக் கொடுங்கள்.