பண்ணைப் பங்கு எடுக்கலாமா? மாசசூசெட்ஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

போன வாரம் எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, ஆபீஸ்ல எல்லாரும் சி.எஸ்.ஏ., சி.எஸ்.ஏ.ங்கிறாங்க. ஒரு இலை கூட முளைக்கல, அதுக்குள்ள 600 டாலர் கட்டணுமாம். ஏமாத்து வேலையா?"

சி.எஸ்.ஏ. என்றால் கம்யூனிட்டி சப்போர்ட்டட் அக்ரிகல்ச்சர், அதாவது முன்பணம் கட்டிப் பண்ணை விளைச்சலில் ஒரு பங்கு எடுப்பது. ஏமாற்று வேலை இல்லை. ஆனால் கடையில் காய் வாங்குவது மாதிரியும் இல்லை. அது புரியாமல் சேர்ந்தால் ஜூலைக்குள் வெறுத்துப்போய்விடும். பாஸ்டனுக்கு மேற்கே ஒரு பண்ணையில் எட்டு வருடமாகப் பங்கு எடுக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

விதை, நாற்று, ஆள்கூலி எல்லாம் பிப்ரவரி, மார்ச்சிலேயே விவசாயிக்குச் செலவு. விளைச்சல் கைக்கு வருவது ஜூனில். அந்த இடைவெளியில் அவர் கடன் வாங்காமல் இருக்க நாம் முன்பணம் கட்டுகிறோம். பதிலுக்கு ஜூனிலிருந்து அக்டோபர் கடைசி வரை, ஏறக்குறைய 20 வாரம், விளைந்ததில் நமக்கு ஒரு பங்கு. நம்மூரில் விளைச்சலைப் பங்கு போட்டுக்கொள்ள நிலத்தை வாரத்துக்கு விடுவார்களே, அதில் நிலக்காரர் இருக்கும் இடத்தில் சாப்பிடுகிறவரை உட்கார வைத்த மாதிரி. அமெரிக்காவில் இது 1986இல் இரண்டு இடங்களில் தொடங்கியது. ஒன்று நியூ ஹாம்ப்ஷயரில், இன்னொன்று நம் மாநிலத்திலேயே மேற்குக் கோடியில் சவுத் எக்ரிமோண்டில் உள்ள இந்தியன் லைன் ஃபார்ம். பெயரைப் பார்த்து நம்மூர்க்காரர் பண்ணை என்று நினைத்துவிடாதீர்கள்.

"விளைந்ததில்" என்று சொன்னதைக் கவனியுங்கள். விளையாவிட்டால் இல்லை. 2023ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரிக் குளிரில் பீச் மொட்டுகள் கருகின. மே 18 காலை விழுந்த உறைபனியில் பல தோப்புகளில் ஆப்பிள் போனது. ஜூலையில் கனெக்டிகட் ஆற்றில் வெள்ளம். வெள்ளத்தண்ணீர் பட்ட காயை, கழுவினாலும் சரி, விற்கக் கூடாது என்பது இங்கே சட்டம். உழுது மண்ணுக்குள் புதைக்க வேண்டியதுதான். அப்படி ஒரு வருடத்தில் பங்குப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. அந்த நஷ்டத்தில் ஒரு துளி நம்முடையது. இது மனசுக்கு ஒத்துவராது என்றால் சனிக்கிழமை உழவர் சந்தைக்குப் போங்கள். அதிலும் ஒரு குறையும் இல்லை.

சேருவது என்று முடிவானால் முதல் வருடம் அரைப் பங்கு மட்டும் எடுங்கள். நாங்கள் இருவர் மட்டும் இருந்த வீட்டுக்கு நான் முழுப் பங்கு எடுத்தேன். மூன்றாவது வாரமே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் கேல் என்கிற கீரை மஞ்சளாகிக் கூழாகிவிட்டது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தட்டைக் கழற்றி என் லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறு வருடத்திலிருந்து பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடும்பத்தோடு பாதிப் பாதி.

ஆனால் ஒன்று, இந்தப் பங்கு நம் சமையலுக்குப் பொருந்துகிற மாதிரி வேறு யார் சமையலுக்கும் பொருந்தாது. வாரா வாரம் பங்கை வாங்கப் போகும் எங்கள் பண்ணைக் கொட்டகையில் ஒரு கரும்பலகை இருக்கும். பீட்ரூட் 1 கட்டு, நூக்கல் 2, கேல் 1 கட்டு என்று சாக்பீஸில் எழுதியிருப்பார்கள். பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு கூடை, வேண்டாததைப் போட்டு வேண்டியதை எடுக்க. கவனித்துப் பாருங்கள்: பலர் பீட்ரூட்டின் தழையைத் திருகிக் கூடையில் போட்டுவிட்டுக் கிழங்கோடு போவார்கள். முள்ளங்கிக்கும் அதே கதி. முதல் நாள் கூச்சமாக இருந்தது, இப்போது கூசாமல் அள்ளுகிறேன். பீட்ரூட் கீரையைப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தால் இரண்டு வேளை ஓடும்.

சுவிஸ் சார்ட் என்று சிவப்பும் மஞ்சளுமாகத் தண்டு வைத்த கீரை ஒன்று கொடுப்பார்கள். பயப்படாதீர்கள், அதுவும் பீட்ரூட்டும் ஒரே இனம். மசியலுக்கு நன்றாக வரும். கேல் கொஞ்சம் முரடு. நடு நரம்பை உருவி எறிந்துவிட்டுப் பொடியாக அரிந்து அடைமாவில் போட்டால் முருங்கைக்கீரை இல்லாத குறை பாதி தீரும். கோல்ராபி என்று எழுதியிருப்பது நம் நூக்கல்தான். அம்மாவிடம் வீடியோவில் காட்டியபோது, "அட, சாம்பார்ல போடுறதுதானேடா, இதுக்கா இவ்வளவு காசு?" என்றார். ஜூனில் மட்டும் இரண்டு மூன்று வாரம் பூண்டுத் தண்டு வரும், பச்சைப் பாம்பு சுருண்ட மாதிரி. கிழங்கு பெருக்க வேண்டும் என்று அந்தப் பூந்தண்டை ஒடித்துவிடுவார்கள். வத்தக்குழம்பில் போடுங்கள், பூண்டு உரிக்கிற வேலை மிச்சம். அக்டோபரில் உறைபனிக்கு முன்னால் பறித்த பச்சைத் தக்காளி கிடைக்கும், துவையலுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. பட்டர்நட் பரங்கியை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். குளுமையான மூலையில் வைத்தால் பொங்கலுக்குக்கூட மிஞ்சும்.

வெண்டை, கத்தரி, பச்சை மிளகாய் எல்லாம் ஆகஸ்டில்தான், அதுவும் கொஞ்சம். கொத்தமல்லி வெயில் ஏறினால் பூத்துவிடும். ஆகவே இந்தியக் கடைக்குப் போவது நிற்காது. பங்கு எடுத்தால் காய்கறிச் செலவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். சில பண்ணைகளில் வாரம் சில மணி நேரம் களை பிடுங்கினால் பங்கு இலவசம் அல்லது பாதி விலை. ஹெச்-4இல், அதாவது வேலை விசாக்காரரின் கணவன் அல்லது மனைவிக்கான விசாவில், வீட்டிலேயே இருப்பவர்களுக்கு ஆசையாக இருக்கும், தெரியும். ஆனால் வேலை அனுமதி இல்லாதவர் உழைப்புக்குப் பதிலாகக் காய் வாங்கினாலும் அது அனுமதியில்லாத வேலையாக எடுத்துக்கொள்ளப்படலாம். கையில் காசு வாங்கவில்லையே என்பது பதில் ஆகாது. மாணவர்களும், ஒரே கம்பெனியில் மட்டும் வேலை செய்ய விசா வைத்திருப்பவர்களும் இதே கணக்குதான். குடியேற்ற வக்கீலிடம் கேட்காமல் இறங்காதீர்கள். எல்லாரையும் போலப் பணம் கட்டி, உங்கள் பங்குக்கான தக்காளியை நீங்களே போய்ப் பறித்துக்கொள்வது வேறு, அதில் பிரச்சினை இல்லை.

ஆர்கானிக் என்பதைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். சான்றிதழ் வாங்க வேண்டுமானால் தடை செய்யப்பட்ட உரமோ மருந்தோ படாமல் நிலம் 3 வருடம் இருந்திருக்க வேண்டும். வருடம் 5,000 டாலருக்கு மேல் போகாமல் விற்கும் சிறு பண்ணைகளுக்கு விதியைப் பின்பற்றினால் போதும், சான்றிதழ் தேவையில்லை. அப்புறம், ஆர்கானிக் என்றால் மருந்தே அடிக்க மாட்டார்கள் என்று அர்த்தமில்லை. அனுமதித்த மருந்துகள் உண்டு. நேராகப் போய் என்ன அடிக்கிறீர்கள் என்று விவசாயியிடமே கேளுங்கள். நான் பார்த்தவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை, பேச ஆரம்பித்தால் நிறுத்துவதுதான் கஷ்டம்.

பங்குகள் ஜனவரியிலிருந்தே விற்க ஆரம்பிக்கும், நல்ல பண்ணையில் ஏப்ரலுக்குள் தீர்ந்துவிடும். பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் வீட்டு லீஸ் எப்போது முடிகிறது என்று பாருங்கள். ஆகஸ்டில் வேறு ஊருக்கு மாறினால் பாதிப் பங்கு போச்சு. ஜூலையில் ஊருக்குப் போகிறவர்கள் அந்த வாரங்களுக்கு ஒரு நண்பரை அனுப்புங்கள். நம்மில் பலர் "அடுத்த வாரம் சேர்த்து வாங்கிக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். எங்கள் பண்ணையில் ராத்திரி 7 மணிக்கு மேல் மிஞ்சியதெல்லாம் உணவு வங்கிக்குப் போய்விடும், மறு வாரம் கேட்டால் கிடைக்காது. போகும்போது நல்ல கனமான மஞ்சப்பை இரண்டு எடுத்துப் போங்கள். மண்ணோடுதான் கொடுப்பார்கள், காரின் பின்சீட் வீணாகிவிடும்.