டச்சுக் குழந்தை அழுததா, கத்தியதா? 'ஸ்ஹ்ரெய்யன்' குழப்பம்

பனையோலை:
வணக்கம். ஜெர்மன் பி1 (இடைநிலை) முடித்த கையோடு டச்சு படிக்க ஆரம்பித்திருக்கிறேன். பழைய கதை ஒன்றில் 'ஹெட் கிண்ட் ஸ்ஹ்ரெய்ட ஸாஹ்ட்யெஸ்' என்று ஒரு வரி. 'ஸாஹ்ட்யெஸ்' என்றால் மெல்ல. ஜெர்மன் 'ஷ்ரையன்' கணக்கில் பார்த்தால் 'குழந்தை மெல்லக் கத்தியது' என்றாகிறது. மெல்ல எப்படி ஐயா கத்துவது? அதோடு, ஜெர்மனில் இறந்தகாலம் 'ஷ்ரீ'. இங்கே ஏன் வாலில் 'ட' ஒட்டியிருக்கிறது?

நெய்தல்:
குழந்தை கத்தவில்லை, அழுதது. இரண்டும் உறவுச் சொற்கள்தான். ஆனால் ஜெர்மன் சொல் கூச்சல், அலறல் பக்கம் நின்றுவிட்டது. டச்சுச் சொல் கண்ணீர்ப் பக்கம் சாய்ந்துவிட்டது. டச்சில் அலறுவதற்கு 'ஸ்ஹ்ரேயுவன்' என்று வேறொரு வினை இருக்கிறது. நார்வே ஓவியர் மூங்க் 1893-இல் வரைந்த ஓவியம் நினைவிருக்கிறதா, பாலத்தின்மேல் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் உருவம்? ஜெர்மனில் அது 'டெர் ஷ்ரை', டச்சில் 'ட ஸ்ஹ்ரேயு'.

'ட' விஷயம்: ஜெர்மன் வினையில் உள்ளிருக்கும் உயிரொலியே மாறும். ஷ்ரையன், ஷ்ரீ, கெஷ்ரீன். இந்த டச்சு வினையில் அந்தத் தொல்லை இல்லை, இறந்தகாலத்துக்கு வாலில் 'ட' ஒட்டினால் போதும்; ஸ்ஹ்ரெய்யன், ஸ்ஹ்ரெய்ட, ஹெஸ்ஹ்ரெய்ட் என்று நேராகப் போய்விடும்.

குறிஞ்சிக்காரன்:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஸ்ஹ்ரெய்யன்' ஏட்டுச் சொல். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசும்போது 'ஹொய்லன்' என்றே சொல்லுங்கள். இல்லாவிட்டால் செய்யுள் நடையில் பேசுகிறீர்கள் என்று சிரிப்பார். தமிழில் 'தேம்பியது' பொருந்தும். 'கதறியது' என்பதில் ஓசையும் கண்ணீரும் சேர்ந்தே இருப்பதால் கை அங்கே போகும், ஆனால் பக்கத்தில் 'மெல்ல' நிற்கிறதே.

பனையோலை:
'தேம்பியது' என்றே வைத்துக்கொள்கிறேன், நன்றி. அப்படியானால் ஜெர்மனில் கொடிய அநீதியை 'ஹிம்மெல்ஷ்ரையெண்ட்' (வானை நோக்கிக் கத்துவது) என்கிறார்களே, டச்சில் அதற்கு அழும் சொல் உதவாது, இல்லையா?

நெய்தல்:
உதவும், அதுதான் வேடிக்கை. 'டென் ஹேமெல் ஸ்ஹ்ரெய்யெண்ட்' என்பார்கள். அண்ணன் கையால் கொலையுண்ட ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கடவுளை நோக்கிக் கூப்பிடுகிறது என்று விவிலியத்தின் ஆதியாகமம் 4:10 சொல்கிறது அல்லவா, இரு மொழிகளிலும் இந்த வழக்கு அங்கிருந்து வந்தது. அதனால் இந்தத் தொடரில் மட்டும் டச்சு வினை அழவில்லை, கூக்குரலிடுகிறது. கதையில் இது எதிர்ப்பட்டால் 'தேம்பும் அநீதி' என்று பெயர்த்துவிடாதீர்கள்.