டுஷேன் தசைச்சிதைவு: எக்ஸான் 51 மருந்து ஆய்வில் சேர வழி வேண்டும்

என் மகனுக்கு டுஷேன் தசைச்சிதைவு (தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் மரபணு நோய்). வயது 7. ஊர் மதுரை. இரண்டு வருடமாகப் படியேறத் திணறுகிறான், தரையிலிருந்து எழத் தொடையில் கை ஊன்றுகிறான், கெண்டைக்கால் பருத்திருக்கிறது. சிகே (தசை சிதையும்போது ரத்தத்தில் ஏறும் நொதி) அளவு 14,000. எம்எல்பிஏ என்ற மரபணுப் பரிசோதனையில், தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின் புரதத்துக்கான மரபணுவில் எக்ஸான் (மரபணுவின் ஒரு துண்டு) 48 முதல் 50 வரை இல்லை என்று வந்தது.

டெஃப்லாசகார்ட் என்ற ஸ்டீராய்டு மருந்தைப் பத்து மாதமாகக் கொடுக்கிறோம். தினமும் பிசியோதெரபி. எக்கோ (இதய ஸ்கேன்) இதுவரை சரியாகத்தான் இருக்கிறது. இந்த வகைக் குறைபாட்டுக்கு, உடல் அந்த மரபணுவிலிருந்து புரதம் செய்யும்போது எக்ஸான் 51-ஐத் தாண்ட வைக்கும் எடெப்லிர்சன் மருந்தை அமெரிக்கா 2016-லேயே அனுமதித்துவிட்டது. ஆனால் அந்த விலை எங்களால் நினைத்தும் பார்க்க முடியாதது. மூன்று மருத்துவமனைகளில் கேட்டுவிட்டோம், ஆய்வு எதுவும் தெரியாது என்றார்கள். இப்போது நடக்கிறான். நடை நின்ற அப்புறம் பல ஆய்வுகளில் சேர்க்க மாட்டார்கள்.

இந்தியாவில் எக்ஸான் 51 மருந்து ஆய்வில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் இருந்தால், எந்த ஊரில், யாரிடம் விண்ணப்பித்தீர்கள்?