ஃபிட்னெஸுக்குத் தமிழ்: தகவா, எச்சத்திறனா?

காரைக்குடி:
எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை விலங்கியல் நோட்ஸ் அச்சுக்குப் போகணும், ரெண்டு சொல்லுல மாட்டிக்கிட்டேன். வெயில், வறட்சி மாதிரி ஸ்ட்ரெஸ் ஒரு வருசம் கூட, ஒரு வருசம் கம்மின்னு மாறி மாறி அடிச்சா ஒரு உயிரோட ஃபிட்னெஸ் தலைமுறை தலைமுறையா என்னாகுதுங்கிறதுதான் பாடம். ‘உடற்தகுதி’ன்னு போட்டா பசங்க ஜிம்முக்குப் போயிடுறானுக. இங்க அது எத்தனை குஞ்சு பிழைச்சுத் தலையெடுத்துச்சுங்கிற கணக்கு. அந்த மாறி மாறி அடிக்கிறதுக்கும் ஒரு சொல் வேணும்.

தேவகோட்டை:
தம்பி, குறள் 114 இருக்கே! ‘தக்கார் தகவிலர் என்ப தவரவர் எச்சத்தாற் காணப் படும்’. எச்சம்னா பரிமேலழகர் நன்மக்கள்னுதான் சொல்றார். பிள்ளையை வச்சுத் தகவை அளந்தாச்சு, டார்வின் புத்தகம் வந்ததே 1859லதான். தகவுன்னு போடுங்க.

பள்ளத்தூர்:
அண்ணே, அது நடுவுநிலைமை அதிகாரம், அங்க தகவுன்னா நேர்மை. அதோட இயற்பியல் பாடநூல்ல ஸ்ட்ரெஸ்ஸுக்குத் தகைவுன்னு இருக்கு. ‘தகைவு கூடினால் தகவு குறையும்’னு அடிச்சு ஒரு இணைக்கொம்பு விட்டுப்போச்சுன்னா பாடம் என்னத்துக்காகும்? எச்சத்திறன்னு வைங்க.

தேவகோட்டை:
எச்சம்னா காக்கா எச்சம்னு சிரிப்பானுக. எஞ்சுலேருந்து எச்சம், மிஞ்சுலேருந்து மிச்சம், பெயரெச்சம் வினையெச்சம் எல்லாம் முடியாம நிக்கிறதுதான், இதைப் பத்தித் தனியா எழுதுறேன்.

காரைக்குடி:
ஐயா, அது அப்புறம். டாஃப்னியாவைப் பாருங்க, ஊருணியிலயும் குளத்துலயும் துள்ளுற கடுகளவு உயிர். அதைத் தின்னுற பூச்சியோட வாடை தண்ணியில இருந்தா சில இனத்துல தலையில தொப்பி மாதிரி வளரும், அதோட குஞ்சும் பெரிய தொப்பியோட பிறக்கும். அதுக்குள்ள எதிரி போயிட்டா தொப்பி வீண் செலவு. எண்ணிக்கை ஒரு வருசம் ரெண்டு மடங்காகி மறு வருசம் பாதியானா சாதாரண சராசரி 1.25ங்கும், ஆனா 100 200 ஆகித் திரும்ப 100லதான் நிக்கும். அதனால இங்க கூட்டிப் பாதியாக்காம, பெருக்கி வர்க்கமூலம் எடுக்கிற பெருக்குச் சராசரிதான் செல்லும், வட்டிக்கணக்குப் பார்த்த ஊருக்கு இதைச் சொல்லணுமா?

கானாடுகாத்தான்:
ஃபிட்னெஸ்னே போட்டா யாரு அடிக்கப் போறா?

காரைக்குடி:
அச்சகத்துக்காரர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு. எச்சத்திறன், ஸ்ட்ரெஸ்ஸுக்கு நெருக்கடி, அனுப்பிட்டேன்.

தேவகோட்டை:
என் மறுப்பு மறுப்புதான்.

கானாடுகாத்தான்:
அந்த மாறி மாறி அடிக்கிறதுக்கு ஒரு சொல் கேட்டீங்களே தம்பி, அதுக்கு என்ன போட்டீங்க?