எண்ணெயிலிருந்து பெயிண்ட் வரை: ரெசின் வேலையில் உங்கள் அனுபவம்?

ஆல்கைடு ரெசின் ஆலை ஒன்றில் ஷிப்ட் கெமிஸ்டாக இருந்தேன். இரும்பு கேட்டுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்டில் படலமாகக் காயும் பிசின்தான் இந்த ரெசின். சோயா எண்ணெய், நீர் நீக்கிய விளக்கெண்ணெய் (டிசிஓ) இரண்டும்தான் முக்கியச் சரக்கு. ஆளிவிதை எண்ணெய் வேகமாகக் காயும், ஆனால் நாளடைவில் மஞ்சளடிக்கும். வெள்ளை எனாமலுக்கு அதைத் தொடமாட்டோம்.

ரெசினைச் சமைக்கும் குக்கிங்கில் முதல் கட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். எண்ணெயும், ரெசினின் இன்னொரு மூலப்பொருளான தாலிக் அன்ஹைட்ரைடும் நேரடியாகச் சேராது. அதனால் எண்ணெயைக் கிளிசரினோடு 240 டிகிரி வாக்கில் சூடாக்கி முதலில் மோனோகிளிசரைடாக (கிளிசரினில் ஒரே ஒரு கொழுப்பு அமிலம் சேர்ந்த பொருள்) மாற்றுவோம். மாறிவிட்டதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு பங்கு சாம்பிளை மூன்று பங்கு மெத்தனாலில் கலந்தால் போதும். தெளிவாக நின்றால் சரி, கலங்கினால் இன்னும் காத்திருக்க வேண்டும். டெலிவரி அவசரம் என்று கலங்கல் தெளியும் முன்பே அன்ஹைட்ரைடைக் கொட்டினால், அது மிச்சக் கிளிசரினோடு மட்டும் சேர்ந்து குருணை குருணையாகத் திரண்டுவிடும். அப்படி ரியாக்டருக்குள்ளேயே இறுகிப்போன ஒரு பேட்சை ஆட்கள் உளியால் செதுக்கி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். மேலாளர் எவ்வளவு நெருக்கினாலும் அந்த மெத்தனால் டெஸ்ட்டில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அதன் பிறகு வினையில் வரும் தண்ணீரைச் சைலீன் என்ற கரைப்பானோடு பிரித்தபடி, ஆசிட் வேல்யூ (மிச்சமிருக்கும் அமிலத்தின் அளவு) இறங்குவதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

மற்றவர்களும் எழுதுங்களேன்.

பதில்:

சார், நான் எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு விளக்கெண்ணெயில் பாலியூரித்தேன் பூச்சு செய்தேன். அதன் கொழுப்பு அமிலத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். வினைபுரியத் தேவையான ஹைட்ராக்சில் (OH) தொகுதி அதில் இயற்கையாகவே இருக்கிறது. அது நீராக வெளியேறி இரட்டைப் பிணைப்பு வந்தால் உங்கள் டிசிஓ; அப்படியே ஐசோசயனேட்டோடு (ஹைட்ராக்சிலோடு சேர்ந்து பாலியூரித்தேன் தரும் வேதிப்பொருள்) சேர்த்தால் எங்கள் பூச்சு. சோயா எண்ணெயில் ஹைட்ராக்சில் இல்லாததால், இதே வேலைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடும் ஃபார்மிக் அமிலமும் வைத்து அதன் இரட்டைப் பிணைப்புகளை எபாக்சி என்ற ஆக்சிஜன் வளையமாக்கி, அந்த வளையத்தைத் திறக்க வேண்டும். அந்த வினையில் சூடு தானாக ஏறும் என்பதால் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடவேண்டும்.

எங்களுக்குப் பெரிய எதிரி ஈரம். எண்ணெயில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் ஐசோசயனேட் அதோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும். படலம் முழுக்கக் குமிழிகள். குமிழிகள் விட்ட ஊசித்துளைகள் வழியாக, சோதனைக்கு விடும் உப்புத் தண்ணீர் இறங்கி, பூச்சுக்கு அடியில் இரும்புத் தகடு துருப்பிடிக்கும். எண்ணெயை வேக்குவத்தில் சூடாக்கி ஈரம் போக்கிய பிறகுதான் படலம் கண்ணாடிபோல் வந்தது.

ஒன்று கேட்க வேண்டும், சார். பெயிண்ட் சீக்கிரம் காயச் சேர்க்கும் கோபால்ட் டிரையருக்குப் பதிலாக மாங்கனீஸ் போட்டால் வெள்ளை எனாமலில் நிறம் எவ்வளவு மாறும்?