வேட்பாளரின் சொத்துக் கணக்கை யார் சரிபார்ப்பது?

கேள்வி:
எங்கள் தொகுதி உறுப்பினரின் இரண்டு பிரமாணப் பத்திரங்களை ஒப்பிட்டேன். ஐந்தாண்டுகளில் சொத்து மும்மடங்காகியிருக்க, தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று மட்டுமே எழுதியிருக்கிறார். இதை எவரும் சரிபார்ப்பதில்லையா?

மறுமொழி 1:
2002-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால்தான் இந்த விவரங்களே நமக்குக் கிடைக்கின்றன. 2018 தீர்ப்புக்குப் பின் வேட்பாளர், துணைவர், சார்ந்திருப்போர் ஆகியோரின் வருமானம் எங்கிருந்து வந்தது என்பதையும் படிவம் 26-இல் (வேட்புமனுவுடன் தரும் இந்தப் பிரமாணப் பத்திரம்தான்) தெரிவிக்க வேண்டும். ஆனால் மனுவை ஏற்கும் அலுவலர் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்ப்பாரே தவிர, எழுதியது உண்மைதானா என்று ஆராய்வதில்லை. தனியே சம்பாதிக்கும் மகன், மகள் பெயரிலுள்ள சொத்தோ கணக்கிலேயே வராது. பெரிய ஓட்டை இதுதான் என்பேன்.

மறுமொழி 2:
செலவையும் பாருங்கள். சட்டமன்ற வேட்பாளருக்கு வரம்பு 40 லட்சம் ரூபாய். கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே இல்லை. பணப் பட்டுவாடாவால் 2017-இல் ஆர்.கே. நகரிலும் 2019-இல் வேலூரிலும் தேர்தலையே ரத்து செய்தார்கள். வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு, வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பெயருக்கு நேரே குறியிட்டபடி எங்கள் வீட்டு வாசலிலும் உறையை நீட்டினார்கள். அம்மா வாங்க மறுத்துவிட்டார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அந்த இரண்டு பத்திரங்களையும் இணைத்து வருமான வரித் துறைக்கு மனு அனுப்பப் போகிறேன்.